இடப்பக்க மெத்தை

மூன்றாவது கிண்ணத்தையும் அந்தத் தோல் குடித்துவிட்டது. சோபனா கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மிச்ச எண்ணெயையும் விரலால் வழித்துத் தடவினாள். தடவிய இடம் ஒரு நொடி கறுத்துப் பளபளத்தது. பிறகு, வெயிலில் தெளித்த தண்ணீர் காய்வதைப்போல, கண்ணெதிரே வெளுத்தது. அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். மீனெண்ணெய் வாடை அவள் கையில்தான் அடித்தது. மெத்தையில் இல்லை.

இப்படி நடக்கக் கூடாது. தோலுக்கும் ஒரு வயிறு உண்டு என்பது ஆம்பூரில் தோல் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். அளவுக்கு மேல் எண்ணெய் கொடுத்தால் கக்கிவிடும், மறுநாள் மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். சோபனா தோல் கம்பெனியில் இருபது வருஷம் செலக்‌ஷன் பிரிவில் நின்றவள். கட்டைவிரலை வைத்து ஒரு மடி மடித்தால் போதும், ஆடா மாடா, எந்தத் தரம், எங்கே கத்தி பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இந்தக் கனத்துக்கு ஒன்றரைக் கிண்ணம், தாராளமாகக் கொடுத்தால் இரண்டு.

மெத்தை இருந்தது ஒரு பழைய ராணுவ ஆம்புலன்சில். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லைவரை போய் வந்த வண்டி. சண்டை முடிந்து ஏலம் விட்டபோது ஆம்பூர் டேனரிக்காரர் ஒருவர் எடுத்து, ஆலங்காயம் காட்டிலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றிவர ஓட்டினார். தோல் பதனிட அப்போதெல்லாம் அந்தப் பட்டைதான். ஒருநாள் அச்சு முறிந்து மலையடிவாரத்தில் நின்றது. நின்றது நின்றதுதான், அறுபது வருஷம். பானெட்டைப் பிளந்துகொண்டு ஒரு புங்கமரமே வளர்ந்துவிட்டது.

சோபனாவின் கணவர் ஜெயப்பிரகாஷ் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்பாரற்றுக் கிடக்கும் பட்டாளத்து வண்டிகளைத் தேடிப் பிடித்துப் பழையபடி ஓட வைப்பது அவர் வேலை. வேலை என்றால் கோபித்துக்கொள்வார், சேவை என்பார். பைபாஸ் ஓரம் ஒரு டேனரியின் பின்சுவரை ஒட்டி அவர்களுடைய ஷெட், அதற்குப் பின்னால் வீடு. இரும்பும் எஞ்சினும் அவர் பொறுப்பு, சீட்டும் கேன்வாசும் அவள் பொறுப்பு. இந்த ஆம்புலன்சை ஜனவரி மாத அணிவகுப்பில் ஓட்ட வேண்டும் என்று பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார்.

வண்டியின் உள்ளே, அடிபட்டவர்களைக் கிடத்த இரண்டு பக்கமும் நீளமாய் இரண்டு பலகைகள், ஒவ்வொன்றின் மேலும் தோல் மெத்தை. வலப்பக்கத்து மெத்தையைக் கரையான் தின்றுவிட்டது. இடப்பக்கத்து மெத்தையில் ஒரு பூச்சிகூட வாய் வைக்கவில்லை.

"தூக்கிப் போட்டுட்டு ரெண்டுக்கும் புதுசா தச்சிரு" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"இன்னாங்க நீங்க, கிழியாத தோல போயி தூக்கிப் போடச் சொல்றீங்க? காஞ்சி கெடக்குது, அவ்ளோதான். எண்ணெ குடுத்தா எழுந்துக்கும்."

நல்ல தோலைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. வேறு ஊர்க்காரி என்றால் அறுத்து எறிந்திருப்பாள், பிழைத்திருப்பாள்.

மறுநாள் காலை தேநீருடன் ஷெட்டுக்குள் வந்தபோது மெத்தையில் குழி விழுந்திருந்தது. குதிகால் இரண்டும் பதிந்த இடம், இடுப்பு, முதுகு, தோள்கள், பின்மண்டை. யாரோ ராத்திரி முழுக்க மல்லாந்து படுத்து இப்போதுதான் எழுந்து போனமாதிரி இருந்தது.

"இதுல ஏன் படுத்தீங்க? எண்ணெ வச்ச தோலு, அச்சு வுழுந்தா போவாது."

"நான் எங்கடி படுத்தேன்?" பனியனைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பனியன், ஒரு கறை இல்லை.

மழுங்கின பித்தளைத் தகட்டை எடுத்து அவள் மெத்தையை நீவினாள். தோலின் சுருக்கத்தை எடுப்பதுபோல நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழுத்தி அழுத்தி. அரை மணியில் சமமானது. சுவருக்கு அந்தப் பக்கம் டேனரியில் தோலைப் புரட்டும் பெரிய மர டிரம்கள் உருண்டுகொண்டிருந்தன, இரவும் பகலும் ஓயாமல் கேட்கும் அந்தக் கடகடப்பு அவள் காதுக்குப் பழகிப்போய் வெகுநாளாகிறது. சுண்ணாம்பு நாற்றமும் அப்படித்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். குழி திரும்பவும் இருந்தது. இந்தமுறை அவள் தகட்டை எடுக்கவில்லை. உள்ளே ஏறி மண்டியிட்டு, துணியைத் தடவிப் பார்க்கும் குருடியைப்போல, இரண்டு கையாலும் அந்தப் பள்ளத்தைத் தடவினாள். வலது தோள் ஆழமாக, இடது தோள் அரை விரல் கீழே இறங்கி. பன்னிரண்டு வயதில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து காறை எலும்பு முறிந்து, கோணலாகவே கூடிவிட்ட தோள். எத்தனை சட்டை தைத்திருக்கிறாள் அந்தத் தோளுக்கு. ரெடிமேட் எதுவும் மகன் பூவரசனுக்கு ஒழுங்காக உட்காராது.

அவளுக்கு அழுகை வரவில்லை. "அரசு" என்று கூப்பிட்டாள், மெதுவாக, வெளியே கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குக் கேட்காமல்.

பூவரசன் போய் ஒன்றரை வருஷமாகிறது. அப்பாவைப்போலவே பட்டாளம், டிரைவர். இருபத்து நான்கு வயதில் சிக்கிம் மலைப்பாதையில் வண்டியோடு உருண்டான். ஜெயப்பிரகாஷ்தான் போய்க் கூட்டி வந்தார். கொடி போர்த்திய பெட்டி, நாலு பக்கமும் ஆணி. அங்கேயே அடைத்துவிட்டார்கள், திறக்கக் கூடாது என்று உத்தரவு என்றார். ஊரே கெஞ்சியது. உத்தரவு என்றால் உத்தரவுதான் என்று அந்த மனுஷன் பெட்டியின் தலைமாட்டில் விறைப்பாக நின்றார். பெற்றவள் வாய்க்கரிசியைப் பலகைமேல் போட்டாள். அரிசி சறுக்கித் தரையில் சிந்தியது. ஒருமுறை, ஒரே ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்க விட்டிருந்தால் அவள் எப்படியாவது தேறியிருப்பாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், சீட்டு தைத்தாள். மன்னிக்க மட்டும் இல்லை.

அதன்பிறகு எண்ணெய் கொடுப்பது அவள் தினசரி வேலையாகிவிட்டது. காலையில் அவர் வெளியே போனதும் மாட்டுக்கால் எண்ணெயையும் மீனெண்ணெயையும் கலந்து வெதுவெதுப்பாகச் சூடாக்குவாள். கையுறைத் தோலுக்குச் செய்வதுபோல முட்டை மஞ்சள்கருவையும் அடித்து ஊற்றுவாள். தோல் குடிக்கக் குடிக்க மிருதுவானது, நிறம் தேனாக மாறியது. எட்டாம் நாள் கையை வைத்தால் அடியில் லேசான சூடு தெரிந்தது. வெயில் சூடு இல்லை, வண்டி நிழலில் நின்றது. காய்ச்சல் விட்ட குழந்தையின் முதுகைத் தொட்டால் இருக்குமே, அது. சோபனா அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், அத்தை மகள் கல்யாணக் கதை சொன்னாள், உங்கப்பா இன்னும் அஞ்சு மணிக்கே எழுந்து ஷேவ் பண்றாருடா என்று சிரித்தாள். சந்தோஷமாக இருந்தாள். அவள் சந்தோஷமாக இருந்த கடைசி நாட்கள் அவைதான்.

வண்டியைக் கொடுத்த அப்துல் ஹமீத் ஒரு மாலை பார்க்க வந்தார். பட்டை ஏற்ற ஏலத்தில் எடுத்தவரின் மகன், எழுபது வயது, வெள்ளைத் தொப்பி, கையில் பிரியாணிப் பொட்டலம். பச்சைப் பெயின்ட் அடித்து நிமிர்ந்து நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மாஷா அல்லாஹ் என்றார். பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தவர், அந்த மெத்தையைக் கண்டதும் ஏறாமல் நின்றுவிட்டார்.

"இத எடுக்கலியா ஜேபி?"

"இவதான் பாய், விடமாட்டேங்கறா."

"எங்க அப்பாஜான் காலத்துல லோடு ஏத்தற ஆளுங்க பட்டை மூட்டை மேல படுத்துகினு வருவாங்க. மழை கொட்டும், அப்பவும் உள்ள வந்து இதுல ஒக்கார மாட்டாங்க. ஏன்டான்னா, ஆள் இருக்குதும்பாங்க."

"யாரு ஆளு?" சோபனா கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

ஹமீத் பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதாம்மா பேஜாரு. ஒருத்தன் பொண்டாட்டிம்பான், ஒருத்தன் தம்பிம்பான். அவங்கவங்க ஆளு." பிரியாணியைக் கொடுத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, பாதி வழியில் திரும்பி வந்து சரிசெய்துகொண்டார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது ஜெயப்பிரகாஷ் தட்டைத் தொடவில்லை.

"நானும் தொட்டுப் பாத்தேன் சோபனா. முந்தாநேத்து, நீ கடைக்குப் போனப்ப."

அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தத் தோளு எனக்கும் தெரியும். எப்டித் தெரியும்னு கேளு." தண்ணீர்ச் செம்பை நகர்த்தி நகர்த்தி வைத்தார். "உத்தரவுன்னு ஒண்ணுமில்ல. அடையாளம் சொல்லணும்னு ஆஸ்பத்திரில என்னக் கூப்ட்டாங்க. தொறந்துதான் இருந்துது. மூஞ்சின்னு ஒண்ணு இல்ல. கண்ணு, மூக்கு, எதுவும். நான் தோள தடவிப் பாத்துதான் எம்புள்ளன்னு கையெழுத்துப் போட்டேன். ஆணி அடிக்கச் சொன்னது நான்."

சோபனா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே உதறினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட முழுசா ஒரு மூஞ்சி இருந்துது. அது உங்கிட்டயே இருக்கட்டும்னுதான்."

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்ற மனுஷன் சோற்றுத் தட்டின்மேல் குனிந்து அழுதார். அவர் முதுகில் கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கை எழவில்லை. இவர் பார்த்திருக்கிறார், தொட்டிருக்கிறார், தனக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லை என்பதுதான் நெஞ்சில் நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நாளைக்கு வேலூர் போயி ஃபோம் வாங்கியாறேன். வந்ததும் அத அறுத்து எடுத்துப் பாலாத்துல கொளுத்திடுவேன். அது நம்ம பையன் இல்ல. நம்ம பையனாவே இருந்தாலும், அங்க இருக்க வேணாம்."

மறுநாள் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஐந்துவரை கரன்ட் இல்லை. ஜெயப்பிரகாஷ் எட்டரைக்கே பஸ் ஏறிவிட்டார். போகும்போது அவர் வண்டியின் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டார், சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பூட்டு பழையது. சோபனா தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் கம்பியால் ஐந்து நிமிஷத்தில் திறந்தாள்.

ஷெட்டின் ஷட்டரை இழுத்து முட்டி அளவுக்குத் தாழ்த்தினாள். தகரக் கூரை சூடேறி டிக் டிக் என்று விரிந்தது. புதுப் பெயின்டின் வாடை, அடியில் மீன் வாடை, அதற்கும் அடியில் வேறொன்று, டெட்டால் போட்டுக் கழுவிய தரையின் ஈரம்போல. ஐந்து லிட்டர் எண்ணெயையும் ஒரு டஜன் முட்டையின் மஞ்சள்கருவையும் பெரிய பேசினில் கலந்து, தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். சாயந்திரம் அறுத்துவிடுவார். அதற்குள் பார்த்துவிட வேண்டும். எப்படி இருந்தாலும் சரி, முகமே இல்லாவிட்டாலும் சரி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும். முகம் இருக்கும் என்றுதான் நம்பினாள்.

ஒன்பது மணிக்குக் கரன்ட் போனது.

டேனரியின் டிரம்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, ஒருமுறை முனகி நின்றன. பைபாஸில்கூட அந்த நேரம் ஒரு லாரியும் போகவில்லை. அந்த அமைதியில்தான் அவளுக்கு அது முதன்முதலாகக் கேட்டது. இத்தனை நாளும் கடகடப்புக்குள் இருந்திருக்க வேண்டும்.

மடக். நிறுத்தம். மடக்.

விழுங்கும் சத்தம்.

ஓடு என்றது கால். ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். பால் குடிக்கும்போது பூவரசன் இப்படித்தான், ஒரு மடக்கு, ஒரு நிறுத்தம், உடனே அடுத்த மடக்கு. மாமியார் அவனை அவசரக் குடுக்கை என்பாள்.

அவள் ஊற்றினாள். கிண்ணமெல்லாம் இல்லை, பேசினைச் சரித்து. எண்ணெய் குதிகால் குழியில் தேங்கி இறங்கியது, இடுப்புக் குழியில் தேங்கி இறங்கியது. பலகைக்கடியில் ஒரு சொட்டுக் கசியவில்லை. குழி மேலே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. முதுகு பதிந்த பள்ளம் சமமானது. சமமானதோடு நிற்கவில்லை.

மெத்தை எழும்பியது.

முதலில் இரண்டு முட்டி. பிறகு மார்பு. இடது தோள் அரை விரல் கீழே. இத்தனை நாளும் அவன் மேலே படுத்திருந்தான் என்று நினைத்திருந்தாள். அவன் அடியில் இருந்தான். தோலுக்கு அந்தப் பக்கம், அவளைப் பார்த்தபடி.

தலை மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. காது தெரிந்தது. மடல் ஒட்டிய, அவளிடமிருந்து அவனுக்கு வந்த காது.

"அரசு. அம்மாடா. இப்படித் திரும்பு."

தோல் முறுக்கிக்கொள்ளும் சத்தம். தையல் நூல் ஒன்று தெறித்தது. மெதுவாக, மிக மெதுவாக, அது திரும்பியது.

வழவழவென்று இருந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே தோல். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. முதல் தரம், குறையே சொல்ல முடியாத தோல்.

சோபனா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சொன்னது நிஜம். முழுக்க நிஜம். அந்த மனுஷன் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு ஒன்றரை வருஷம் அவள் கோபத்தையும் தாங்கியிருக்கிறார். ஐயோ, பாவி நான் என்று நினைத்தாள். இறங்கிப் போய்விடலாம். ஷட்டருக்கடியில் வெளிச்சம் இருந்தது. பத்தடி.

அது முகத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கியது. கேட்கிற மாதிரி.

பிறந்த பதினோராம் நாளிலிருந்து அவனைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டியவள் அவள். எண்ணெய் தொட்டுத் தலையை உருட்டிவிடுவாள், புருவத்தை நீவிவிடுவாள், சப்பையாக இருந்த மூக்கை இரண்டு விரலால் பிடித்து இழுத்து இழுத்து உருவிவிடுவாள். மூணு மாசத்தில் மூக்கு நின்றது. என் கைவேலைடா இது என்று அவன் பெரியவனான பிறகும் சொல்லிக்காட்டுவாள்.

பேசினில் மிச்சமிருந்த எண்ணெயில் விரலைத் தோய்த்தாள்.

நெற்றியில் வைத்தாள். நீவினாள். தோல் கொடுத்தது. கட்டைவிரல்களை அழுத்தினாள், இரண்டு குழி விழுந்தது. நடுவில் பிடித்து உருவினாள். ஒரு மேடு வந்தது. இன்னும் உருவினாள்.

"வந்துரும்டா. அம்மா எடுத்துடறேன். அழுவாத."

ஒரு மூக்கு வந்தது. அவனுடையது இல்லை. அழித்துவிட்டுத் திரும்ப உருவினாள். வேறொரு மூக்கு. யாரோ ஒரு வயதானவர். கண் குழிகள் அவள் வைத்த இடத்தில் நிற்காமல் நகர்ந்தன. அழித்தாள். ஒரு பெண். அழித்தாள். ஒரு சிறு பையன், வெள்ளைக்கார மூக்கு. அழித்தாள். எத்தனை பேர். விரல் நுனி எரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. பூவரசனின் மூக்கு எப்படி இருக்கும்? முனை சற்றுக் கூராக. இல்லை, உருண்டையாகவா? அவளுக்கு நினைவு வரவில்லை. ஒவ்வொன்றாக அழிக்க அழிக்க, அவளிடம் இருந்த முகமும் அழிந்துகொண்டே வந்தது. அவள் அதை உணர்ந்தபோது பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. தோள் மட்டும் இருந்தது. அரை விரல் இறங்கிய தோள்.

வெளியே சைக்கிள் மணி. யாரோ போனார்கள்.

உதடு இருக்க வேண்டிய இடத்தில் அவள் வலது உள்ளங்கை இருந்தது. அதற்கடியில் தோல் பிளந்தது. ஈரமாக. சூடாக.

மடக்.

உள்ளங்கையில் இழுத்தது. குழந்தை விரலைச் சப்புவதுபோல, அவ்வளவு மென்மையாக. பேசினைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. மடக். நிறுத்தம். மடக். கையின் மேல்பக்கம் வெளுத்துக்கொண்டு வந்தது, நரம்புகள் அமுங்கின, தோல் எலும்போடு ஒட்டிச் சுருங்கி முழங்கைப் பக்கம் ஏறியது. வலிக்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

முகம் மெல்ல மெல்லத் துலங்கியது. கண் திறக்கவில்லை இன்னும். யார் என்று தெரியவில்லை.

பசிதான் பாவம் என்று நினைத்தாள் சோபனா. மற்றக் கையையும் கொடுத்தாள்.